செல் இல்லாத குழி

தொண்ணூற்றாறு குழிகள்.
ஒவ்வொன்றிலும் சட்டைப் பொத்தான் அளவு
இளஞ்சிவப்பு நீர்.
அதன் அடியில் ஒட்டிக்கொண்டு வாழ்கிறாள்
நான் பார்த்தேயிராத ஒருத்தி.

எந்த ஊர்க்காரி, எப்படிக் கூப்பிட்டால் திரும்புவாள்,
குப்பியின் மேல் எழுதவில்லை.
எண் மட்டும்.
சூலகத்தில் தொடங்கி வயிற்று நீரில் மிதந்தவை
அவளை முடித்த பிறகும் தாம் முடியாமல்
பினாங்கில், கெலுகோர் மேட்டில், மூன்றாம் மாடியில்,
முப்பத்தேழு பாகைச் சூட்டில்
இரட்டித்துக்கொண்டிருக்கின்றன.
ஞாயிற்றுக்கிழமையும் வந்து சோறு போடுகிறேன்.
சோறு என்றால்
பிறக்காத கன்றின் குருதித் தெளிவு.

பாலிக் பூலாவிலிருந்து உலாம் ராஜா வாங்கி,
உலர்த்தி, அரைத்து, சாராயத்தில் ஊறப்போட்டு,
ஆவியாக்கிய பின் மிஞ்சியது
கத்திமுனையில் நிற்கும் மஞ்சள்.
ஃபிளேவனாய்டு.
வெயில் தன்னைச் சுடாதிருக்க
இலை தனக்குச் செய்துகொண்டது.
நம்மை நினைத்து அல்ல.

நாற்பத்தெட்டு மணி நேரம்.
செல்கள் சுருங்கின, கொப்புளித்தன, தரையை விட்டன.
இலை உதிர்வதற்கான கிரேக்கச் சொல்லைத்தான்
இந்தச் சாவுக்கும் வைத்திருக்கிறார்கள்.

நாளிதழில் படம் வந்தது.
கையுறையோடு, சிரிக்காமல், நான்.
தலைப்பு என்னுடையதல்ல:
புற்றைக் கொல்லும் கீரை.

அதை வெட்டி பிளாஸ்டிக் உறையில் போட்டு
பஸ் ஏறி வந்தாள் புஷ்பலீலா.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
இருபத்தாறு வருஷம் நுண்நோக்கி முன்னால்;
பச்சைப் பலகையில் ஈயம் ஒட்டாத கால்களைத்
தேடித் தேடிக் குறித்த கண்.
இப்போது தலையில் துணித்தொப்பி.
மூன்றாவது கீமோவுக்குப் போகவில்லை.
"தினம் ரெண்டு கட்டு, பச்சையாவே.
போதுமா, கூட்டணுமா?"

கணக்கு எனக்குத் தெரியும்.
குடலும் ஈரலும் மாற்றிக் கழித்தது போக
ரத்தத்துக்கு வந்து சேர்வது
என் குழியில் ஊற்றியதன் நிழல்கூட இல்லை.
குளோராக்ஸ் ஊற்றினாலும் இவை சாகும்.
அடைகாப்பான் கதவைச் சாத்த மறந்தாலும் சாகும்.
தட்டில் கொல்வது பெரிய காரியமா?

சொல்ல வாய் வரவில்லை. தட்டைக் காட்டினேன்.
"உயிருள்ள செல் மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும்.
செத்தது ஆக்காது.
ஊதாவை அளந்தால் உயிரை அளந்த மாதிரி."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்தாள்.
கடைசி வரிசையில் விரல் நின்றது.
"இதுல?"
"இதுல செல்லே இல்லை. சாறு மட்டும்."
"ஊதாவா இருக்கே."

ஆமாம்.
நாலு மாதமாக
குறிப்பேட்டின் பின்பக்கத்தில் மட்டும் எழுதி வந்தது.
இலையே சாயத்தை மாற்றிவிடுகிறது,
ஆளில்லா வீட்டில் விளக்கு எரிவதுபோல.
எத்தனை செத்தன, எத்தனை பிழைத்தன,
இந்த ஊதாவை நம்பிச் சொல்ல முடியாது.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.
"எங்க லைன்ல,
டெஸ்டர் வெறும் பலகைக்கும் பாஸ் போட்டா
அன்னைக்கி லாட் மொத்தத்தையும் நிறுத்திடுவோம்.
பலகை கெட்டதுன்னு இல்ல.
தெரியலன்னு அர்த்தம்."

நாலெழுத்து.
முந்நூறு பக்க ஆய்வேட்டில்
அதைச் சுற்றிச் சுற்றிப் போயிருக்கிறேன்.

செய்தித் துண்டை உறையிலிருந்து உருவி
என் மேசையில் வைத்தாள்.
"செவ்வாய்க்கிழமை கீமோவுக்குப் போறேன்.
கீரைய டாக்டர்கிட்ட கேட்டுக்கிறேன்.
சம்பால் பிளாச்சானோட நல்லாத்தான் இருக்கு."

வாசல்வரை போனவள் திரும்பினாள்.
"அந்தப் பொம்பள, இந்தச் செல்லுக்காரி,
பேரு என்ன?"

"தெரியலை" என்றேன்.

பாலத்துப் பக்கம் மழை கட்டிக்கொண்டிருந்தது.
வெறுங்குழிகளின் எண்களை
முன்பக்கத்துக்கு மாற்றி எழுதினேன்.
ஊட்டநீர் மாற்ற வேண்டிய நேரம்
ஒரு மணி தாண்டியிருந்தது.